உரித்த சட்டை யாருடையது?: ‘செல்ஃப்/லெஸ்’ திரைப்படத்தில் உடலுரிமை

ஆய்வுச் சுருக்கம்

நோயுற்ற முதிய செல்வன் ஒருவனின் மனம் இளைஞன் ஒருவனின் உடலுக்கு மாற்றப்படுவதைக் கதைப்பொருளாகக் கொண்டது ‘செல்ஃப்/லெஸ்’ (2015) என்னும் ஆங்கிலத் திரைப்படம். இவ்வகைக் கதைகளைப் படிப்போர் மனத்தில் முதலில் எழும் வினா, ‘உடல் மாறியபின் அவன் அதே மனிதன்தானா?’ என்பதாகும். இக்கட்டுரை அவ்வினாவை ஒதுக்கி, ‘அந்த உடல் யாருடையது?’ என்னும் வினாவை முன்வைக்கிறது. படத்தில் இடம்பெறும் மாத்திரை, உடலுக்குரியவனின் மனைவி ஆகிய இரு கூறுகளும் அவ்வினாவை எவ்வாறு எழுப்புகின்றன என்பதும், படத்தின் முடிவு அதனை எவ்வாறு மழுங்கச் செய்கிறது என்பதும் இங்கு ஆராயப்படுகின்றன. எச்.ஜி. வெல்ஸின் சிறுகதை ஒன்றும், பெரியபுராணத்தின் திருமூலதேவ நாயனார் புராணமும் ஒப்பீட்டிற்குக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: அறிவியல் புனைவு, மனமாற்றம், கூடுவிட்டுக் கூடுபாய்தல், உடலுரிமை, தர்செம் சிங், திருமூலர்

கதையும் அதன் அடிப்படைப் பொய்யும்

ஜலந்தரில் பிறந்து அமெரிக்கத் திரையுலகில் இயங்கிவரும் தர்செம் சிங் இயக்கிய இப்படத்திற்குக் கதை வசனம் எழுதியவர்கள் ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த டேவிட் பாஸ்டர், அலெக்ஸ் பாஸ்டர் என்னும் உடன்பிறப்புகள். கட்டட வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய நியூயார்க் நகரத்து டேமியன் ஹேல் புற்றுநோயால் இறக்கும் தறுவாயில் இருக்கிறான். மகள் கிளேருடன் அவனுக்கு நல்லுறவில்லை. ஆல்பிரைட் என்னும் அறிவியலாளன் அவனுக்கு ஒரு வழி காட்டுகிறான். ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட இளம் உடலொன்றுக்கு அவனுடைய மனத்தை மாற்றிவிடலாம் என்பதே அது. ஊரறிய இறந்ததாகக் காட்டிவிட்டு, எட்வர்டு என்னும் புதுப்பெயருடன் நியூ ஆர்லியன்ஸ் நகரில் டேமியன் இளைஞனாக வாழத் தொடங்குகிறான். குறித்த வேளையில் மாத்திரை உண்ண வேண்டும் என்பது மட்டுமே அவனுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடு. ஒருமுறை அது தவறுகிறது. அவன் என்றும் கண்டிராத ஒரு பெண்ணும் குழந்தையும், பூசணிக்காய்போல் வண்ணம் தீட்டிய நீர்த்தொட்டி ஒன்றும் கண்முன் தோன்றுகின்றன. அந்த நீர்த்தொட்டியைத் தேடிச் செல்பவனை ஒரு வீட்டில் எதிர்கொள்ளும் மேடலின் என்பவள், இறந்துவிட்டதாகத் தான் நம்பியிருந்த கணவன் மார்க் உயிருடன் திரும்பியதாக எண்ணித் திகைக்கிறாள். உடல் வளர்க்கப்பட்டதன்று, வாங்கப்பட்டது என்பது அப்போதுதான் டேமியனுக்குத் தெரிகிறது. படைவீரனாயிருந்த மார்க், நோயுற்ற தன் மகள் அன்னாவின் மருத்துவச் செலவிற்காகத் தன் உடலை ஆல்பிரைட்டிடம் விற்றிருக்கிறான்.

படம் வெளிவந்தபோது அதன் மீது கூறப்பட்ட குறைகளுள் ஒன்று நியாயமானது. முதிய டேமியனாக பென் கிங்ஸ்லி காட்டும் இறுக்கமும் அதிகாரத் தொனியும் இளைய டேமியனாக வரும் ரயன் ரெனால்ட்ஸிடம் தொடரவில்லை. உடல் மாறிய கணமே பழைய மனிதனின் நடையும் பார்வையும் மறைந்துவிடுகின்றன. ஜான் ஃபிராங்கன்ஹைமரின் ‘செகண்ட்ஸ்’ (1966) படத்தில் மனமாற்றம் இல்லை. அறுவை மருத்துவத்தால் புதுமுகம் பெறும் வங்கியாளன் ஒருவனே அதன் நாயகன். எனினும் ராக் ஹட்சனின் இளைய முகத்திற்குள் சோர்ந்துபோன நடுவயதினன் ஒருவன் இறுதிவரை தெரிகிறான். ‘செல்ஃப்/லெஸ்’ படத்தில் அத்தகைய தொடர்ச்சி இல்லாமையால், ‘அவன் அதே மனிதன்தானா?’ என்னும் வினா பார்வையாளர் மனத்தில் வலுவாக எழுவதே இல்லை. நடிப்பின் இக்குறை படத்தின் மற்றொரு வினா மேலெழ இடந்தருகிறது.

ஆல்பிரைட் தன் செயல்முறைக்கு இட்டிருக்கும் பெயர் ‘ஷெட்டிங்’. பாம்பு சட்டை உரிப்பதையும் மரம் இலையுதிர்ப்பதையும் குறிக்கும் சொல் அது. விற்பனைக்கேற்ற சொல் என்பதில் ஐயமில்லை. ஆனால் பாம்பு உரிப்பது தன் சட்டையை. உரித்தபின் அது அணிந்திருப்பதும் தன் மேனியிலேயே வளர்ந்த தோலைத்தான். டேமியனோ பிறனொருவனின் தோலுக்குள் புகுகிறான். இயற்கை நிகழ்வு ஒன்றின் பெயரைச் சூட்டுவதன் மூலம் அந்தப் பிறன் சொல்லளவிலேயே இல்லாமல் ஆக்கப்படுகிறான். ஆய்வகத்தில் வளர்ந்த உடல் என்னும் பொய்யின் பணியும் இதுவே. குடியிருப்போர் எவருமற்ற வீடு ஒன்று விலைக்கு வந்திருப்பதாகக் கட்டட வணிகன் ஒருவனிடம் கூறப்படுகிறது. அவனும் மேற்கொண்டு உசாவாமல் வாங்கிக்கொள்கிறான்.

இப்பொய் ஆல்பிரைட்டின் புதுப்புனைவு அன்று. மனித அடையாளம் பற்றிய மேலைத் தத்துவ விவாதத்தின் தொடக்கத்திலேயே அது மறைந்திருக்கிறது. ஜான் லாக் தம் மனித அறிவு பற்றிய நூலின் இரண்டாம் பதிப்பில் (1694) இளவரசன், செருப்புத் தைப்பவன் என்னும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டைச் சேர்த்தார். இளவரசனின் ஆன்மா அவனுடைய நினைவுகளுடன் தொழிலாளியின் உடலுக்குள் புகுந்தால், அங்கிருக்கும் ஆள் இளவரசனே என்பதும், சுற்றியிருப்போர்க்கு மட்டும் அவன் பழைய தொழிலாளியாகத் தோன்றுவான் என்பதும் அவர் வாதம். தொழிலாளியின் ஆன்மா ஏற்கெனவே அவ்வுடலை நீங்கிவிட்டதாக லாக் ஒரு தொடரில் கொள்கிறார். அது ஏன் நீங்கியது, எங்குச் சென்றது, அவன் வீட்டார் என்ன செய்வர் என்பன அவருடைய ஆய்வுப் பொருளுக்குத் தேவைப்படவில்லை. இடம்பெயர்பவன் இளவரசனாகவும், இடம் தருபவன் தோலில் உழைப்பவனாகவும் அமைந்தது தற்செயலாகவும் இருக்கலாம். எனினும் பின்வந்த புனைவுகள் பலவற்றிலும் இடம்பெயரும் திசை மாறவில்லை.

மாத்திரை

மனமாற்றக் கதைகளின் வரலாற்றில் இப்படத்தின் உண்மையான பங்களிப்பு அந்த மாத்திரைதான். பொதுவாக இக்கதைகளில் உடலைக் கவர்தல் ஒருமுறை நிகழ்ந்து முடிந்துவிடும் செயலாகும். ‘செல்ஃப்/லெஸ்’ அதனை நாள்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டிய செயலாக்குகிறது. மார்க்கின் மனம் அழிந்துவிடவில்லை, அமுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் டேமியன் கரைவான், மார்க் மீள்வான். எனவே மாத்திரை மருந்தன்று. உரியவன் எழுந்துவிடாதபடி இடும் பூட்டு.

இதனால் குற்றத்தின் இயல்பே மாறுகிறது. உண்மை தெரியும் முன்னர் டேமியன் ஏமாற்றப்பட்டவன். அவன்மேல் உசாவாமையின் பழி மட்டுமே உண்டு. மேடலினின் வீட்டைக் கண்டபின் அவன் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையும் தெரிந்தே செய்யும் கொலையின் ஒரு பகுதி. கையிருப்பு குறைந்துகொண்டே வர, துரத்துவோரிடமிருந்து மேடலினையும் அன்னாவையும் காப்பதற்கே தனக்குக் காலம் தேவை என்பது அவன் கூறிக்கொள்ளும் காரணம். காரணம் பொய்யன்று. ஆயினும் உரியவனின் மனைவியைக் காப்பதற்காக உரியவனை உறங்கச் செய்ய வேண்டியிருக்கும் அறச்சிக்கலை இதைவிடக் கூர்மையாக வேறொரு கருவியால் காட்டியிருக்க முடியாது. படம் இவ்விடத்தில் நின்றிருக்கலாம். நிற்கவில்லை, வண்டிகள் மோதுகின்றன, துப்பாக்கிகள் வெடிக்கின்றன.

அந்தச் சண்டைக் காட்சிகளிலும் ஒரு நுட்பம் உண்டு. பகைவர் தாக்கும்போது டேமியனின் கைகள் தாமாகவே இயங்குகின்றன. அடிப்பதும் தடுப்பதும் படைவீரன் மார்க் பயின்ற பயிற்சி. அமுக்கப்பட்டவனின் உழைப்பே அமுக்கியவனைக் காக்கிறது. விறுவிறுப்புப் படத்தின் மிகப் பழகிய கூறான சண்டைக்காட்சி, இங்கு உடலுரிமை பற்றிய சான்றாகவும் ஆகிவிடுகிறது. நினைவு மூளைக்குள் மட்டும் இருப்பதன்று, தசையிலும் தங்குவது என்பதைப் படம் உரையாடலால் விளக்காமல் செயலாலேயே உணர்த்தும் இடம் இது.

ஜோர்டான் பீல் இயக்கிய ‘கெட் அவுட்’ (2017) இதே சிக்கலை இரண்டு ஆண்டுகள் கழித்துக் கையாண்டது. அங்கு முதிய வெள்ளையரின் மூளை இளைய கறுப்பின மக்களின் உடல்களுக்குள் பொருத்தப்படுகிறது. உரியவர்கள் தம் உடலின் அடியாழத்தில் வெறும் பார்வையாளராக அடைபட்டுக் கிடக்கின்றனர். அமெரிக்க அடிமை முறையின் நினைவு அப்படத்திற்கு ஒரு வரலாற்று எடையைத் தருகிறது. அங்குக் கதை உடல் பறிகொடுக்க இருப்பவனின் கண்வழியே நிகழ்கிறது. ‘செல்ஃப்/லெஸ்’ உடலைப் பெற்றவனின் கண்வழியே நிகழ்கிறது. மார்க்கிற்கு இறுதிக்காட்சி வரை குரலில்லை.

பெற்றவனின் கண்வழியே சொல்லவேண்டும் என்னும் கட்டாயம் இக்கதைவகைக்கு இல்லை என்பதற்கு எச்.ஜி. வெல்ஸ் 1896ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘காலஞ்சென்ற திரு. எல்வெஷாமின் கதை’ சான்று. ஈடன் என்னும் ஏழை மருத்துவ மாணவனைத் தன் செல்வத்திற்கு வாரிசாக்குவதாக முதிய தத்துவ அறிஞர் எல்வெஷாம் அழைக்கிறார். ஆயுள் காப்பீட்டின் பெயரால் மருத்துவர்கள் அவன் உடலை ஆராய்கின்றனர். விருந்தொன்றில் மதுவில் கலந்த பொடியால் உடல்கள் மாறுகின்றன. முதியவர் தன் சொத்தைத் தானே பெறும் இளைஞனாகிறார்; மாணவன் பல்லிழந்த கிழவனாய் அயலார் வீட்டில் விழிக்கிறான். கதையைச் சொல்வது அந்த மாணவன். தன் பெயரைச் சொன்னால் பித்தன் என்பர். சொல்லாவிட்டால் தான் இல்லை. பத்துப் பன்னிரண்டு பக்கங்களில் வெல்ஸ் காட்டும் இந்த இழப்பின் திகில், 2 மணி நேரத்திற்குச் சற்றே குறைந்த இத்திரைப்படத்தில் எங்கும் இல்லை. இழந்தவன் பேசுவதற்கு இடமில்லாமையே காரணம்.

விற்பனையும் இசைவும்

மார்க் கடத்தப்படவில்லை, தானே முன்வந்தான் என்பது படத்தின் சங்கடமான உண்மை. ஆல்பிரைட்டின் தரப்பில் நின்று பார்த்தால் இது இரு தரப்பும் இசைந்த ஒப்பந்தம்: ஒரு தந்தை உயிரைத் தந்து மகளின் உயிரைப் பெற்றான், அன்னா பிழைத்திருக்கிறாள். படம் ஆல்பிரைட்டைக் கொடியவனாகக் காட்டுவதற்கு அவனுடைய அடியாட்களையும் கொலைகளையும் துணைக்கழைப்பது, இவ்வொப்பந்தத்தை நேராக எதிர்கொள்ளத் தயங்குவதன் அடையாளமாகவே தோன்றுகிறது. அடியாட்கள் இல்லாத, மென்மையாகப் பேசும் ஓர் ஆல்பிரைட் இருந்திருந்தால் பார்வையாளர் எந்த அடிப்படையில் அவனைக் குற்றவாளி என்றிருப்பர்?

உடலுறுப்பு மாற்றுச் சட்டங்கள் இவ்வினாவிற்கு ஒரு விடை வைத்துள்ளன. அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டுச் சட்டமும் இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டமும் உறுப்புகளை விலைக்கு வாங்குவதையும் விற்பதையும் தடைசெய்கின்றன. விற்பவர் மனமுவந்து இசைந்தார் என்பது இச்சட்டங்களின்முன் போதிய விடையாகாது. வறுமை பெற்றுத்தரும் இசைவு இசைவாகாது என்னும் கருத்து அவற்றின் அடியில் இருக்கிறது. சிறுநீரக விற்பனையால் சென்னையின் வில்லிவாக்கம் பெற்ற அவப்பெயரை அறிந்த தமிழ் வாசகர்க்கு மார்க்கின் ஒப்பந்தம் அறிவியல் புனைவாகத் தோன்றாது. அளவில் மட்டுமே அது வேறுபடுகிறது. ஒரு சிறுநீரகத்திற்கு மாறாக முழு உடலும், பின்னிருந்து வழக்குத் தொடுக்க ஆளின்றி, விலைபோகிறது. மகளின் சிகிச்சைக்குத் தந்தை உடலை விற்க வேண்டியிருக்கும் மருத்துவச் சூழலைப் பற்றி மட்டும் படத்தில் எவரும் ஒரு சொல் கோபமாகப் பேசுவதில்லை.

வாயிலில் நிற்பவள்

விற்றவன் உறங்குகிறான், வாங்கியவனுக்குத் தெரியாது, இடைத்தரகன் சொல்லமாட்டான். எனவே உடல் யாருடையது என்பதற்குச் சாட்சியாக எஞ்சுபவள் மனைவி ஒருத்தியே. மேடலின் கதவைத் திறக்கும் காட்சியில்தான் ஆய்வகத்தின் பொய் உடைகிறது. நினைவுகளே மனிதன் என்னும் தத்துவம் அவள்முன் செல்லாது. அவள் காண்பது தான் அறிந்த முகம், தோள், கை.

இதே காட்சி தமிழில் 12ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. சேக்கிழாரின் திருமூலதேவ நாயனார் புராணத்தில், கயிலையிலிருந்து பொதியமலை நோக்கி வரும் சிவயோகியார் திருவாவடுதுறையை வழிபட்டுச் செல்கையில், சாத்தனூர் ஆயன் மூலன் இறந்து கிடக்கவும் பசுக்கள் அவனைச் சூழ்ந்து கதறவும் காண்கிறார். பசுக்களின் துயர் தீர்ப்பதற்காகத் தம் உடலைக் காவலான ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலனின் உடலுள் புகுகிறார். மாலையில் பசுக்கள் வீடு திரும்புகின்றன. கணவன் வராமை கண்டு தேடிவந்த மூலனின் மனைவி அவரைத் தீண்ட முற்படுகையில், உனக்கும் எனக்கும் உறவில்லை எனக் கூறி விலகிப் பொதுமடம் புகுகிறார். மறுநாள் அவள் முறையிட, ஊர்ச் சான்றோர் வந்து அவருடைய யோகநிலையைக் கண்டு, இது பற்றற்ற நிலை என அவளைத் தேற்றி அழைத்துச் செல்கின்றனர்.

இவ்விரு கதைகளும் ஒன்றல்ல. மூலன் முன்பே இறந்தவன். அவன் உயிரை எவரும் அமுக்கவில்லை. யோகியார் இளமை நாடிப் புகவில்லை. தம் உடலுக்குத் திரும்பவே எண்ணினார், அவ்வுடல் இறையருளால் மறைக்கப்பட்டதால் மூலனின் உடலில் தங்கினார். அறிவியல் புனைவுகளின் முதியவர்கள் தேடும் பயன் எதுவும் அவர்க்கில்லை. லாக் போகிறபோக்கில் கொண்ட கருத்தைச் சேக்கிழார் கதையாகவே நிறுவுகிறார்: உடல் உண்மையிலேயே வெறுமையாகியபின்பே பிறர் அதனுள் புகலாம். உறவில்லை என்று முதற்கணமே அறிவித்தல் அதனினும் பெரிது. உடல் தம்மிடம் உள்ளது என்பதால் அவ்வுடல்வழி வந்த உறவும் தமக்குரியது எனக் கொள்ளாமையே யோகியாரின் அறம். டேமியன் தன்னை மார்க்காகக் கருதிய மேடலினின் வீட்டில் முதலில் காக்கும் மௌனத்தை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

எனினும் சேக்கிழாரின் காட்சியிலும் ஓர் இடைவெளி உண்டு. மூலனின் மனைவிக்கு மக்களோ சுற்றமோ இல்லை என்பதைப் புலவர் குறிப்பிடத் தவறவில்லை. ஒரு பெயரும் அவளுக்குத் தரப்படவில்லை. ஊரார் அவளுக்குத் தருவது எதிரில் இருப்பவரின் பெருமை பற்றிய விளக்கம். கணவன் இறந்த செய்தியன்று. பசுக்களின் துயர் தீர்கிறது; அவள் துயரைப் புராணம் சில அடிகளில் கடந்துவிடுகிறது. நாயனாரின் பெருமையைப் பாடுவதே நூலின் நோக்கமாதலின் இது குறையாகாது. ஆயினும் எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின், வேறு நாட்டில், வேறு கலைவடிவில் எடுக்கப்பட்ட இப்படம் அந்த இடைவெளிக்குள் காலெடுத்து வைக்கிறது. மேடலினுக்குப் பெயருண்டு, மகளுண்டு, சினமும் உண்டு. தன் கணவனின் உடலில் இருப்பவன் யார் எனக் கேட்டு அவள் உண்மையைப் பெறுகிறாள். படத்தின் நடுப்பகுதி உயிர்ப்புடன் இருப்பது அவளால்தான்.

கொடையாக மாறிய உரிமை

இறுதியில் டேமியன் ஆல்பிரைட்டை அழிக்கிறான். கிளேரைத் தந்தையின் நண்பன்போல் சந்தித்து, மடல்வழி மன்னிப்புப் பெற முயல்கிறான். பின்னர் மாத்திரையை நிறுத்துகிறான். மார்க் கண்விழிக்கும்போது ஒளிப்பதிவு ஒன்றில் டேமியன் நடந்ததை விளக்குகிறான். கடற்கரையில் மேடலினும் அன்னாவும் காத்திருக்கின்றனர். படத்தலைப்பில் உள்ள சாய்கோட்டின் பொருள் இங்கே விளங்குகிறது. சேர்த்துப் படித்தால் ‘தன்னலமற்றவன்’. பிரித்துப் படித்தால் ‘தான் அற்றவன்’. முன்னது ஆவதற்குப் பின்னதாக வேண்டியிருந்தது.

தலைப்பின் இந்நயம் அழகியது. சிக்கலும் அதிலேதான் இருக்கிறது. டேமியன் செய்தது பிறன் பொருளைத் திருப்பித் தந்தமை. திருப்பித் தருதல் கடமை. தன்னலமின்மை என்பது கடமைக்கு அப்பாற்பட்ட கொடைக்குரிய சொல். படம் கடமையைக் கொடையாக உயர்த்திவிடுகிறது. விளைவாக, கணவனைப் பெறுவதற்கு மேடலினுக்கு இருந்த உரிமை செல்வன் ஒருவனின் பெருந்தன்மையாக உருமாறுகிறது. அவள் நன்றி சொல்ல வேண்டியவளாகிறாள். சாட்சியாக நின்று படத்தின் பொய்யை உடைத்தவள் இறுதியில் பரிசு பெறுபவளாக ஒதுங்குகிறாள். திரும்பி வந்த மார்க்கிற்கும் கேட்பதற்கு எதுவுமில்லை. தான் இல்லாத நாட்களில் தன் கைகள் கொன்றவர்களைப் பற்றி ஒளிப்பதிவில் உள்ளதே அவனுக்குப் போதும் எனப் படம் கருதுகிறது.

படத்திற்குள்ளேயே இதற்கு மாறான ஒரு வழக்கும் இருக்கிறது. டேமியனின் நெடுநாள் நண்பன் மார்ட்டின் தன் மகன் டோனியை இதே முறையால் மீட்டுக்கொண்டவன். அச்சிறுவன் இப்போது வாழ்வதும் வேறொரு சிறுவனின் உடலில்தான். மார்க்கைப் போல அந்தச் சிறுவன் இசைந்து கையெழுத்திட்டிருக்க முடியாது. டேமியனின் முடிவு நீதியானால் டோனியும் மாத்திரையை நிறுத்த வேண்டும். அவ்வாறு நிறுத்தச் சொல்ல எந்தத் தந்தைக்கு மனம் வரும்? முதியவன் ஒருவன் நிறைவாழ்வு வாழ்ந்து விலகுவதைக் கொடை எனக் கொண்டாடுவது எளிது. டோனியின் முன்னால் அச்சொல் பயன்படாது. அந்த வீட்டின் வாயிலுக்கு, காணாமற்போன மற்றச் சிறுவனின் தாய் எந்தக் காட்சியிலும் வரவில்லை.